ஜெர்மனியில் படிப்பு இலவசம்... ஆனா கிளம்பும்போது கையில 14 லட்சம் வேணும்!

"ஜெர்மனியில ஃபீஸே கிடையாதாமே, வேலையை விட்டுட்டு மாஸ்டர்ஸ் போயிடலாமா?" ஆபீஸ் கேன்டீன்ல இந்தக் கேள்வி காதுல விழாத வாரமே இல்லை. அப்ரைசல் முடிஞ்ச வாரம்னா இன்னும் கொஞ்சம் சத்தமாவே விழும். வீடியோவுல வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்க நிதானமா போட்டுப் பார்ப்போம்.

ஃபீஸ் இல்லைங்கிறது பெரும்பாலும் உண்மைதான். அரசுப் பல்கலைக்கழகங்கள்ல செமஸ்டருக்கு சுமார் 100 முதல் 400 யூரோ வரைக்கும் ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் கட்டணும். விதிவிலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017-லிருந்து நம்மளை மாதிரி ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வர்றவங்ககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டர்லிருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்குது. அதனால 'ஜெர்மனின்னாலே இலவசம்'னு நினைச்சு விண்ணப்பிக்காதீங்க.

அப்போ செலவு எங்கே? விண்ணப்பிக்கிற கட்டத்துல பெருசா ஒண்ணும் இல்லை. நம்ம சர்டிபிகேட் எல்லாம் உண்மைதானான்னு சரிபார்க்கிற ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். இது இல்லாம இந்திய மாணவர்களுக்கு விசா கிடைக்காது. யூனி-அசிஸ்ட் வழியா விண்ணப்பிச்சா முதல் கோர்ஸுக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொண்ணுக்கும் 30. ஐஇஎல்டிஎஸ், விசா கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் சுமார் 60,000 ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம்.

பெரிய தொகை ப்ளாக்டு அக்கவுண்ட்தான். விசாவுக்கு ஒரு வருஷச் செலவுப் பணம் 11,904 யூரோவை முன்கூட்டியே அதுல போட்டுக் காட்டணும். ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்கிட்டாலே கிட்டத்தட்ட 12 லட்சம். இது ஃபீஸ் இல்லை, உங்க பணம்தான். அங்க போனதும் மாசம் 992 யூரோவா உங்களுக்கே திரும்பி வரும். ஆனா உடனே வராது. வீட்டு முகவரியைப் பதிவு பண்ணி, அங்க ஒரு பேங்க் கணக்கு திறந்த பிறகுதான் வர ஆரம்பிக்கும். அதுவரைக்கும் வாடகை, ரூம் அட்வான்ஸ், சாப்பாடு எல்லாம் கைக்காசு. ஃப்ளைட் டிக்கெட்டையும் சேர்த்து இதுக்கு இன்னொரு ஒன்றரை லட்சமாவது தனியா வேணும். ஆக மொத்தம் 14 லட்சம்.

இதுல நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷம். அந்த 11,904 யூரோ ஒரு வருஷத்துக்குத்தான். ரெசிடென்ஸ் பெர்மிட்டை நீட்டிக்கும்போது மறுபடியும் பணம் எங்கேன்னு கேட்பாங்க. பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிக்கலாம்தான், வருஷத்துக்கு 140 முழு நாள் அனுமதி இருக்கு. ஆனா முதல் செமஸ்டர்லயே, ஜெர்மன் மொழி தெரியாம, உடனே வேலை கிடைச்சிடும்னு பட்ஜெட் போடாதீங்க. மியூனிக் மாதிரி ஊர்ல வாடகையே 992-ல பெரும்பகுதியை முழுங்கிடும். லைப்ஸிக், மக்டபுர்க் பக்கம் கொஞ்சம் மூச்சு விடலாம்.

வேலைக்குப் போய் சில வருஷம் ஆனவங்க வயசையும் பார்க்கணும். மாணவர் ஹெல்த் இன்சூரன்ஸ் மாசம் 140 யூரோவுக்கு மேல ஆகும், அதுவும் 30 வயசு வரைக்கும்தான். 30 தாண்டிட்டா அந்தச் சலுகை விலை கிடையாது.

மார்க் விஷயம் சுருக்கமா. அங்க 1-தான் பெஸ்ட், 4 ஜஸ்ட் பாஸ். பாஸ் 5-ஆ இருக்கிற காலேஜ்ல 10-க்கு 7.5 சிஜிபிஏ வாங்கியிருந்தா ஜெர்மன் கணக்குல 2.5. பல கோர்ஸ்ல கட்-ஆஃப்பே அதுதான். உங்க கோர்ஸோட நிபந்தனையை டிஏஏடி இணையதளத்துல இலவசமாவே தேடலாம். 'எங்க சர்வீஸ் ஃப்ரீ'னு சொல்ற கன்சல்டன்ட்கிட்ட, உங்களை எந்தக் காலேஜுக்கு அனுப்பினா அவங்களுக்குக் கமிஷன் வரும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஃபீஸ் வாங்குற தனியார் காலேஜ் பேரு வரும்.

சேமிப்புக்கு வருவோம். ரெண்டு வருஷத்துக்குள்ள வேணும்ங்கிற பணத்தை ஈக்விட்டி எஸ்ஐபில போடாதீங்க. எஃப்டி, லிக்விட் ஃபண்ட் போதும். யூரோ விலையையும் மறக்காதீங்க. 2025 தொடக்கத்துல 90 ரூபாய் பக்கத்துல இருந்தது, அதே வருஷக் கடைசியில 100-ஐத் தாண்டிடுச்சு. 10 ரூபாய் ஏறினா ப்ளாக்டு அக்கவுண்டுக்கு மட்டும் 1.19 லட்சம் கூடுதல். அதோட, ஒரு நிதியாண்டில 10 லட்சத்துக்கு மேல வெளிநாட்டுக்கு அனுப்பினா, மேற்பட்ட தொகைக்கு டிசிஎஸ் பிடிப்பாங்க. ஐடிஆர்ல திரும்ப வாங்கலாம், ஆனா அந்த நேரத்துக்குக் கையை விட்டுப் போயிடும். பேங்க் கல்விக்கடன்ல போனா டிசிஎஸ் இல்லை.

கடைசியா நோட்டீஸ் பீரியட். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 பொதுவான கடைசித் தேதி, பல மாஸ்டர்ஸ் கோர்ஸுக்கு அது மார்ச், மே மாசத்திலேயே முடிஞ்சிடும். செமஸ்டர் அக்டோபர்ல. அட்மிஷன் லெட்டர் ஆகஸ்ட்ல வந்து, உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ்னா கணக்கு உதைக்கும். அதுக்காக லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே பேப்பர் போடாதீங்க. என் கூட வேலை பார்த்த ஒருத்தர் அப்படிப் போட்டுட்டு, அட்மிஷனும் இல்லாம ஏழு மாசம் வீட்ல இருந்தார். நோட்டீஸை பை-அவுட் பண்ண முடியுமான்னு எச்ஆர் பாலிசியை இப்பவே படிச்சு வைங்க. முடியும்னா, அந்தத் தொகையையும் மேல சொன்ன 14 லட்சத்தோட சேர்த்து எழுதிக்கோங்க.