பப்ரிசியஸ் (குடும்பப்பெயர்)

பப்ரிசியஸ் என்பது செருமனி, டென்மார்க்கு ஆகிய நாடுகளில் வழங்கும் குடும்பப்பெயர். கொல்லுத் தொழிலைக் குறிக்கும் பெயரின் இலத்தீன் வடிவம் இது. தமிழ் அகராதி வரலாற்றிலும் இந்தியத் தேனீக்களின் அறிவியல் பெயர்களிலும் இப்பெயர் இடம்பெற்றுள்ளது.

பெயர்க்காரணம்

செருமன் மொழியில் கொல்லரை 'ஷ்மீட்' என்பர். இடைக்காலத்தில் ஒரே ஊரில் யோகான் என்ற பெயருடையோர் பலர் இருந்ததால், அடையாளத்துக்காகத் தொழிலையும் சேர்த்து அழைத்தனர். நாளடைவில் அது பரம்பரைப் பெயராக நிலைத்தது. மகன் வேறு தொழிலுக்குப் போனாலும் பெயர் மாறவில்லை. ஷ்மிட், ஷ்மிட்ஸ் முதலியவை இதன் வடிவங்கள். ஆங்கிலத்தின் 'ஸ்மித்' இதற்கு இணையானது.

இலத்தீன் வடிவம்

15, 16ஆம் நூற்றாண்டுகளில் செருமன் கல்வியாளர் பலர் தம் பெயரை இலத்தீனில் மாற்றிக்கொண்டனர். தையற்காரரைக் குறிக்கும் 'ஷ்னைடர்' சார்ட்டோரியஸ் ஆனது. மாவு ஆலைக்காரரைக் குறிக்கும் 'முல்லர்' மோலிட்டோர் ஆனது. இலத்தீனில் 'பாபர்' என்றால் கைவினைஞர், கொல்லர். பப்ரிசியஸ் என்பது பழைய உரோமைக் குடிப்பெயரும் ஆதலால், 'ஷ்மிட்' குடும்பத்தார் சிலர் அதை ஏற்றனர்.

தமிழகத் தொடர்பு

யோகான் பிலிப் பப்ரிசியஸ் (1711–1791) பிராங்க்பர்ட் அருகே பிறந்து, 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். பின்னர் சென்னையில் பணியாற்றினார். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரியில் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவரது தமிழ்–ஆங்கில அகராதி 1779-ல் வெளிவந்தது. அதை அடிப்படையாகக் கொண்ட விரிவான பதிப்பு 1897-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

அவருக்கு முன் வந்தவர்களிலும் தொழிற்பெயர் உடையோர் உண்டு. 1726-ல் சென்னைக்கு வந்த பெஞ்சமின் சூல்ட்சேயின் பெயர், ஊர்த்தலைவர் பதவியைக் குறிப்பது; நம் ஊர் மணியக்காரரை ஒத்தது. 1738-ல் கடலூரில் காலமான சார்ட்டோரியஸின் பெயரோ தையற்காரரைக் குறிப்பது.

தேனீக்களின் பெயரில்

மலைத்தேனீயின் அறிவியல் பெயர் 'ஏபிஸ் டார்சேட்டா பப்ரிசியஸ், 1793' என எழுதப்படும். கொம்புத்தேனீக்கு 1787-ல் பெயரிட்டவரும் இவரே. இவர் லின்னேயசின் மாணவரான டென்மார்க்குப் பூச்சியியலாளர் யோகான் கிறித்தியன் பப்ரிசியஸ் (1745–1808). திருவண்ணாமலை மாவட்டத்துச் சவ்வாது மலையில் தேன் எடுப்போர் நன்கறிந்த தேனீயின் பெயரோடு, ஐரோப்பியக் கொல்லரின் தொழிற்பெயரும் இவ்வாறு ஒட்டியிருக்கிறது.

கருத்தில் கொள்ள வேண்டியவை

ஊர்தோறும் கொல்லர் இருந்ததால் இப்பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியது. எனவே பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு உறவினர் என முடிவு செய்யக் கூடாது. அகராதி தந்தவரையும் பூச்சியியலாளரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து தலைமுறைதோறும் மாறும். செருமன் குடும்பப்பெயரோ, தொழில் மறைந்த பின்னும் நூற்றாண்டுகள் தொடரும்.