புனையா ஓவியமும் கணிப்பொறி வண்ணமும்

வண்ணம் தீட்டப்பெறாத கோட்டோவியத்தைப் 'புனையா ஓவியம்' என நெடுநல்வாடை குறிக்கின்றது. கோடு வடிவத்தைக் காட்டும். வண்ணமும் நிழலும் அவ்வடிவத்திற்குத் திரட்சியையும் இடத்தையும் பொழுதையும் தரும். திரையில் அசையும் ஓவியத்திற்கும் இது பொருந்தும். கையால் வரைந்த அசைவூட்டக் காட்சியொன்று கணிப்பொறியில் வண்ணமும் நிழலும் பெறும் முறையை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

திரைப்படத்தில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினும், ஒரு நிமிடம் அசையும் ஓர் உருவத்திற்கு 720 ஓவியங்கள் வேண்டும். முன்னாளில் இவற்றை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தகடுகளில் மையால் படியெடுத்துப் பின்புறம் வண்ணம் பூசினர். 1937இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்திற்கு இப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் பெண்களே. நிழலையும் தீட்டின் உழைப்பு பன்மடங்காகும். ஆதலின் பல காட்சிகளில் உருவங்கள் தட்டை வண்ணத்தோடு நின்றன. 1990இல் வெளிவந்த 'தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' தகடுகளின்றிக் கணிப்பொறியிலேயே வண்ணம் பெற்றது.

கணிப்பொறியில் முதற்கண் கோடுகள் செம்மை செய்யப்படும். கோட்டில் சிறு இடைவெளி இருப்பினும் நிரப்பும் வண்ணம் அதன் வழியே வெளியே பரவிவிடும். அடுத்து, பாத்திரத்திற்கென வகுத்த வண்ணப் பட்டியலின்படி அடிவண்ணம் நிரப்பப்படும். அதன்மேல் நிழலுக்கெனத் தனி அடுக்கு அமையும். அடிவண்ண எல்லையைத் தாண்டாதவாறு அவ்வடுக்கைக் கட்டுப்படுத்துவர். 'மல்டிப்ளை' என்னும் முறையில் இரண்டையும் கலந்தால், அடிவண்ணம் மறையாமல் கருமை மட்டும் கூடும். ஒளிபடும் இடங்களுக்கு மற்றோர் அடுக்கு. அடுக்குகள் தனித்தனியே இருத்தலால், பகற்காட்சியை அந்திக்காட்சி ஆக்க ஓவியத்தை மீண்டும் வரைய வேண்டுவதில்லை.

இவையெல்லாம் கருவியின் வேலை. கண்ணின் வேலை இனிமேற்றான் தொடங்குகின்றது. ஒளி எத்திசையினின்று வருகின்றது என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். நிழல் வெறுங்கருப்பாகாது, திறந்தவெளி வெயிலில் விழும் நிழலில் வானின் நீலம் கலந்திருக்கும். கன்னத்தின் வளைவில் நிழல் மெல்லத் தேயும். தொப்பியின் நிழலோ நெற்றியில் கூரிய விளிம்போடு விழும். அசைவூட்டத்தில் இன்னுமோர் இடர் உண்டு. மூக்கின் நிழல் சட்டத்திற்குச் சட்டம் காரணமின்றிச் சற்றே இடம்பெயரினும், திரையில் முகம் துடிப்பதுபோல் தோன்றும்.

முப்பரிமாணக் கணிப்பொறிப் படங்கள் பெருகியபின், அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கைவரைவை ஏறத்தாழக் கைவிட்டன. அக்கலையின் காலம் முடிந்ததெனப் பலரும் கருதினர். அக்கருத்துக்கு விடையாக 2019இல் வந்தது 'கிளவுஸ்'. செர்கியோ பாப்லோஸ் இயக்கத்தில் மாட்ரிட் நகரில் உருவான இப்படத்தின் பாத்திரங்கள் கையால் வரையப்பெற்றவை. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுடன் இணைந்து ஆக்கிய கருவி, ஓவியர் தீட்டிய ஒளியையும் நிழலையும் பாத்திரத்தின் அசைவோடு கொண்டு செல்ல உதவிற்று. முப்பரிமாணப் படமோ எனக் கண்டோர் பலர் ஐயுற்றனர். 2020இல் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான பாஃப்டா விருதும் பெற்றது. ஆங்கே ஒளி எங்கு விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் ஓவியரே.

இன்று நிரப்புதலையும் நிழலிடுதலையும் தாமே செய்யும் மென்பொருள்கள் வந்துள்ளன. உழைப்பு குறைதல் நன்றே. ஆயின் துயருற்றோன் முகத்தை இருளில் மறைப்பதா, ஒளியில் காட்டுவதா என்பது கதையின் பொருளறிந்து எடுக்கும் முடிவு. அதனைப் பிறிதொன்றிடம் ஒப்படைத்தால் எஞ்சுவது வண்ணப்பூச்சு மட்டுமே.

'கிரிட்டா', 'ஓப்பன்டூன்ஸ்' போன்ற மென்பொருள்கள் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆர்வமுள்ள மாணவர் அவற்றைப் பயில்க. அதற்குமுன், காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் ஒரே சுவரின் நிறம் எவ்வாறு மாறுகின்றது என்பதைச் சிலநாள் உற்று நோக்குக. அப்பயிற்சியை எம்மென்பொருளும் தாராது.