படைப்பணி முடிந்து வீடு சேரும் சுவிஸ் துப்பாக்கி

சுவிட்சர்லாந்தில் படைப்பணியை முடித்து விடைபெறும் வீரர், கடைசி மூன்றாண்டுகளில் குறிசுடும் பயிற்சிகளில் உரிய முறைகள் கலந்துகொண்டு, ஆயுத உரிமமும் பெற்றிருந்தால், அதுவரை தம் பொறுப்பில் இருந்த துப்பாக்கியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். தொடர்ந்து சுடும் வசதி நீக்கப்பட்டு, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே தோட்டா வெளியேறி, அடுத்தது தானே குழலில் ஏறும் அரைத் தானியங்கியாக மாற்றப்பட்ட பின்னரே அது அவர் கைக்கு வருகிறது. சிக் நிறுவனத்தின் எஸ்.ஜி. 550 என்ற இத்துப்பாக்கி, 1990ஆம் ஆண்டை ஒட்டிப் படைக்கு வந்தது.

ஆல்ப்ஸ் மலைக்குளிரை மனத்தில் வைத்தே இதை வடிவமைத்தார்கள் என்பதற்கு விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையமே சான்று: தடித்த கையுறையோடும் விரலை நுழைக்க இயலும்படி அதைப் பக்கவாட்டில் திருப்பி ஒதுக்கிவிடலாம். தோட்டாக் கூடு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனதால், புட்டியில் எஞ்சிய எண்ணெயை வெளியிலிருந்தே கண்டுகொள்வதுபோல், மீதமுள்ள தோட்டாக்களைக் கழற்றாமலே அறியலாம். கூடுகளின் பக்கத்திலுள்ள குமிழ்களால் அவற்றை ஒன்றோடொன்று கோத்தும் வைக்கலாம். போர்க்களத்தில் பெரும் உதவியாகும் இந்தக் கோப்பு, மைதானத்தில் நிதானமாகக் குறிபார்ப்பவருக்கு வெறும் சுமை.

வெடிவாயுவின் ஒரு பங்கு உந்துதண்டைத் தள்ளிப் பொறியை இயக்குவதாலும், தோட்டா சிறியதாதலாலும் தோளில் விழும் உதை மென்மையாகவே இருக்க, 300 மீட்டர் தொலைவுக் குறிகளுக்கு, நாடெங்கும் உள்ள சுடுகழகங்களில், இது நம்பகமான கருவியாகிறது. எதிர்ப்பக்கத்தில், எடை ஏறத்தாழ நான்கு கிலோ; காதுக் காப்பின்றிச் சுட்டால் செவித்திறனே கெடலாம்; ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் கழற்றித் துடைத்தாக வேண்டும்.

எனினும் வீட்டில் வைத்திருப்பதன் பெருஞ்சுமை எடையில் இல்லை. இவ்வாறு மாற்றப்பட்ட துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலில் அடைத்துப் பிடிக்கும் பூட்டுப் பகுதியை, தனியே எடுத்துப் பூட்டிவைக்க வேண்டும் என்கிறது சட்டம். வீரர்கள் வீட்டில் வைத்திருந்த அவசரத் தோட்டாக்களை வழங்கும் வழக்கமும் 2007இல் கைவிடப்பட்டது. 2003ஆம் ஆண்டை ஒட்டிப் படை சுருக்கப்பட்டு, வீடுகளில் படைத்துப்பாக்கிகளும் குறைந்தபோது, படைவயது ஆண்களிடையே தற்கொலை குறைந்ததையும், துப்பாக்கி எட்டாதவர்களில் பெரும்பாலோர் வேறு வழியை நாடாததையும் பின்னர் வந்த ஆய்வொன்று காட்டியது. இருந்தும் படைத்துப்பாக்கிகளை ஆயுதக்கிடங்கிலேயே வைக்கக் கோரிய முன்மொழிவை 2011 வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர்.

தவறாமல் சுடுகழகம் செல்பவருக்கு இது பயனுள்ள உடைமைதான். பழகுவதை நிறுத்திய பின்னும் பழைய பெருமைக்காகப் பரணில் போட்டுவைப்பது வெறும் அலட்சியம். வேண்டாத ஆயுதங்களைக் கட்டணமின்றி ஏற்றுக்கொள்ளும் கடமை அந்நாட்டின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டத்தாலேயே விதிக்கப்பட்டிருப்பதால், அப்படிக் கிடப்பதைத் திருப்பிக் கொடுக்கச் செலவும் இல்லை.