கல்யாண முருங்கை முடிச்சுக் குளவி

கல்யாண முருங்கை முடிச்சுக் குளவி (குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே) என்பது கல்யாண முருங்கை மரங்களைத் தாக்கும் அயல் பூச்சியாகும். பெண் குளவியின் நீளம் சுமார் 1.5 மில்லிமீட்டர். இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா எனக் கருதப்படுகிறது.

முள்முருங்கை எனவும் அழைக்கப்படும் கல்யாண முருங்கை, இந்தியக் கடலோரங்களுக்கு உரிய மரம். திருமணத்துக்கு முகூர்த்தக்காலாக நடப்படுவது இதன் கிளையே. வேலியாகவும் வெற்றிலை, மிளகுக் கொடிகளுக்குக் கொழுகொம்பாகவும் பயன்படுகிறது. சளிக்கு இதன் இலையை அரைத்து அடை சுடுவது வழக்கம்.

தாக்கும் முறை

பெண் குளவி இளந்தளிர், இலைக்காம்பு, இளந்தண்டு ஆகியவற்றினுள் முட்டையிடுகிறது. புழு வளரும் இடத்தில் திசு தடித்து முடிச்சாகிறது. சுமார் 20 நாட்களில் முதிர்ந்த குளவி துளையிட்டு வெளியேறும். இலைகள் சுருண்டு உதிர்கின்றன. தாக்குதல் தொடர்ந்தால் மரமே பட்டுப்போகும்.

பரவல்

சிங்கப்பூர், மொரிசியசு, ரீயூனியன் ஆகிய இடங்களில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004இல் இது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 2005இல் ஹவாயை அடைந்து, அத்தீவுகளுக்கே உரிய விலிவிலி மரங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. இந்தியாவில் 2006இல் கேரளத்திலிருந்து பதிவு செய்யப்பட்டது.

துறைமுகக் காவல்

அயல் பூச்சிகள் செடி, விதை, மரக்கட்டை, சரக்குப் பெட்டி ஆகியவற்றுடன் கடல் கடக்கின்றன. எனவே 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகம் போன்ற அறிவிக்கப்பட்ட வாயில்கள் வழியாகவே தாவரப் பொருட்கள் நாட்டினுள் வரலாம். சரக்கைத் தாங்கும் மரப்பலகைகளின் உட்பகுதியை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றுவது பன்னாட்டு விதிகளில் ஒன்று. இது மரத்தைத் துளைக்கும் வண்டுகளைத் தடுக்கும். முடிச்சுக் குளவியோ உயிருள்ள கிளைகளுக்குள் பயணிப்பதால், செடிகளைச் சோதிப்பதே அதற்கு வழி.

மக்கள் செய்யக்கூடியவை

நாட்டுக்குள் நுழைந்த பிறகு குளவியைப் பரப்புவது பெரும்பாலும் மனிதர்களே. போத்து நட்டு வளர்க்கும் மரம் என்பதால், ஊர்விட்டு ஊர் செல்லும் ஒரு கிளையே போதும்.

* முகூர்த்தக்காலுக்கும் வேலிக்கும் முடிச்சில்லாத கிளையை, இயன்றவரை உள்ளூரிலேயே எடுக்க வேண்டும்.
* தாக்குண்ட கிளைகளை வெட்டி உடனே எரிக்க வேண்டும். குப்பையில் போட்டால் குளவிகள் வெளிவந்து பரவும்.
* வெட்டிய இடத்தில் வரும் புதுத்தளிரே குளவிக்கு மிகவும் உகந்தது. எனவே ஒருவர் மட்டும் வெட்டுவதில் பயனில்லை. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.
* வெளிநாட்டிலிருந்து செடி, விதை ஆகியவற்றை அனுமதியின்றிப் பயணப் பையில் கொண்டுவரக் கூடாது.
* புதிய பூச்சியைக் கண்டால் வேளாண்மைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

உயிரியல் கட்டுப்பாடு

ஹவாயில் 2008இல், தான்சானியாவிலிருந்து கொண்டுவந்து ஆராயப்பட்ட யூரிடோமா எரித்ரினே என்னும் எதிரிக் குளவி விடப்பட்டது. விலிவிலி மரங்கள் மீளத் தொடங்கின. தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே ஒட்டுண்ணியால் கட்டுக்குள் வந்தது. இத்தகைய எதிரிப் பூச்சிகள் உள்ளூர் உயிரினங்களைத் தாக்காது எனச் சோதித்த பின்னரே வெளியில் விடப்படுகின்றன.