நால்வர் கையில் ஒரு திறப்பு

பணத்தைக் காப்பதற்குப் பெட்டியும், பெட்டியைக் காப்பதற்குத் திறப்பும், திறப்பைக் காப்பதற்கு நம்பிக்கைக்குரிய ஒருவரும் வேண்டும் என்பது பழைய முறை. அந்த ஒருவர் நோயுற்றாலோ, நெறி தவறினாலோ பெட்டியின் கதி என்னாகும் என்பது பழைய கவலை. கணினிவழி இயங்கும் நாணயங்களின் உலகிலும் இக்கவலை இன்று புதிய உருவில் எழுந்துள்ளது. அதனைத் தீர்ப்பதற்குச் சிறு முயற்சியாளர் கைக்கொண்டுள்ள வழி அறியத்தக்கது.

2015 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எத்தீரியம் என்னும் வலையமைப்பின் நாணயம் ஈதர் எனப்படும். இதன் கணக்கேட்டை எழுதுவது வங்கியன்று. உலகெங்கும் பரந்துள்ள கணினிகள் ஒரே ஏட்டின் படிகளை வைத்துக் காக்கின்றன. முன்னர், மிகுந்த மின்சாரத்தைச் செலவிட்டுக் கடினமான கணக்குகளைச் செய்து முடிப்பவருக்கே ஏட்டில் புதிய பக்கம் எழுதும் உரிமை கிடைத்தது. 2022 செப்டெம்பர் 15 இல் அம்முறை கைவிடப்பட்டது. நாணயத்தை ஈடாக வைப்பவரே சான்று கூறலாம் என்னும் முறை அதன் இடத்தைப் பெற்றது. மின்சாரச் செலவு நூற்றுக்கு 99 பங்கிற்கும் மேலாகக் குறைந்தது.

ஒரு சான்றாளராவதற்குக் குறைந்தது 32 ஈதர் ஈடு வைத்தல் வேண்டும். அவருடைய கணினி ஏறத்தாழ ஆறரை நிமிடத்துக்கு ஒருமுறை, ஏடு சரியானதென்று தன் இரகசியத் திறப்பினால் ஒப்பமிடும். ஒப்பமிட்டால் சிறு ஊதியமுண்டு. கணினி உறங்கிவிட்டால் ஏறத்தாழ அவ்வளவு தொகை ஈட்டிலிருந்து குறையும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஏடுகளுக்கு ஒப்பமிடுவதோ பெருங்குற்றம். ஈட்டின் ஒரு பகுதி பறிக்கப்படுவதோடு அச்சான்றாளர் வெளியேற்றவும் படுவார்.

வீட்டில் ஒரு கணினியை வைத்து இப்பணியைச் செய்பவரின் இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. மின்சாரம் தடைப்படலாம்; இணைப்பு அறுந்துபோகலாம். காவலுக்காக இரண்டாவது கணினியொன்றிலும் அதே திறப்பை வைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே வேளையில் விழித்திருந்து வெவ்வேறு ஒப்பமிட்டால், அறியாமற் செய்த அப்பிழைக்கும் பெருங்குற்றத்தின் தண்டனையே கிடைக்கும்.

இவ்வச்சத்தினால் பலர் தம் நாணயத்தைப் பெரிய நிலையங்களிடம் ஒப்படைக்கின்றனர். அதனால் அதிகாரம் ஓரிடத்திற் குவிகின்றது. ஈட்டிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊமையாகிவிட்டால், ஏட்டை இறுதியாக உறுதிசெய்யும் பணி நின்றுவிடும். 2023 மே 11, 12 ஆம் திகதிகளில், பலர் பயன்படுத்திய மென்பொருள்களில் நேர்ந்த கோளாற்றினால் அவ்வாறே சிறிது நேரம் நின்றது. பலர் ஒன்றையே சார்ந்திருப்பதன் ஆபத்தை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இதற்கு மாற்றாக எழுந்ததே ஒரு சான்றாளர் பொறுப்பைப் பலர் பகிர்ந்து நடத்தும் முறை. ஓர் இரகசியத்தைப் பல துண்டுகளாக்கி, அவற்றுட் குறித்த தொகை கூடினால் மட்டும் மீட்கும் கணித வழியை அடி ஷமீர் என்னும் அறிஞர் 1979 இலேயே வெளியிட்டார். அக்கருத்தின் வளர்ச்சியே இதற்கு அடிப்படை. நால்வர் சேர்ந்தால் ஆளுக்கொரு துண்டு கிடைக்கும். முழுத் திறப்பு எக்கணினியிலும் ஒருபோதும் உருவாவதில்லை. எதற்கு ஒப்பமிடுவது என்று நான்கு கணினிகளும் முதலில் இணங்குகின்றன. பின்னர் ஒவ்வொன்றும் தன் துண்டினாற் பகுதி ஒப்பமிடுகின்றது. மூன்று பகுதிகள் கூடியதும் முழு ஒப்பமாகிவிடும்.

ஆகவே ஒருவருடைய வீட்டில் மின்சாரம் நின்றாலும் பணி நிற்பதில்லை. ஒருவர் வஞ்சகம் செய்ய எண்ணினாலும் தனித்து எதுவும் செய்ய இயலாது. எழுவர் கூடினால் ஐவரின் ஒப்பம் போதும். இருவர் தவறினாலும் தாங்கும். ஓபோல், எஸ்.எஸ்.வி. என்னும் அமைப்புகள் இதற்கான மென்பொருளை ஆக்கியுள்ளன. பலருடைய ஈதரைத் திரட்டி ஈடு வைக்கும் லைடோ என்னும் பெரிய அமைப்பும் 2024 இல் இம்முறையாற் சிறு குழுக்களுக்கு இடமளித்தது.

எனினும் எண்ணிக்கை மட்டும் காவலாகாது. நான்கு கணினிகளும் ஒரே நிறுவனத்தின் வாடகைக் கட்டடத்தில் இருந்தால், அங்கே மின்சாரம் நின்றதும் நான்கும் ஒருங்கே விழும். நான்கிலும் ஒரே மென்பொருள் இருந்தால், அதன் பிழை நால்வரின் பிழையாகும். இடமும் இணைப்பும் மென்பொருளும் வேறுபட்டிருத்தலே பகிர்வின் உயிர். மேலும், ஒப்பமிடும் திறப்பு வேறு. ஈட்டை மீளப் பெறும் உரிமை வேறு. மீளும் தொகை எந்த முகவரிக்குச் செல்லும், ஊதியம் எவ்வாறு பங்கிடப்படும், ஒருவர் விலகினால் செய்வது யாது என்பவற்றைத் தொடங்குமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும். ஈதரின் விலை ஏறி இறங்குவதை எந்தக் கூட்டாலும் தடுக்க இயலாது என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

நால்வரும் ஒருவரையொருவர் முற்றாக நம்பவேண்டும் என்று இம்முறை கேட்பதில்லை. ஒருவர் தவறினாலும் மற்ற மூவர் விழித்திருந்தாற் போதும் என்கின்றது. பெரியோரின் பெட்டிக்குள் அடங்காமற் சிறியோர் தம் இடத்தைக் காத்துக்கொள்ள இந்த அளவான நம்பிக்கையே வழி செய்கின்றது. ஆனால் விழித்திருக்கும் கடமையைக் கணிதம் ஏற்றுக்கொள்ளாது. அது நால்வருக்கும் உரியது.