எச்.ஐ.வி. குடும்பங்கள்: பராமரிப்பவரின் பெயர் அட்டையில் இருக்கிறது, அவருக்கான கவனிப்பு எங்கே?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு 2026 மார்ச் 31 கெடு. 2021 ஏப்ரலில் தொடங்கிய இந்தக் கட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒதுக்கிய தொகை 15,471.94 கோடி ரூபாய். அடுத்து என்ன ஆகும் என்று கேட்டு வரும் வாசகர் கடிதங்களில் பல, மாத்திரை சாப்பிடுபவர்கள் எழுதியவை அல்ல. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் எழுதியவை. பேரனை வளர்க்கும் பாட்டி, கணவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துவிட்டுத் தன் மாத்திரையையும் விழுங்கும் மனைவி, அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தங்கை. சட்டம் எங்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறதா, எங்களுக்கு வந்திருக்கும் மனச்சோர்வுக்கு எங்கே போவது, போனால் வீட்டு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டுமா என்ற மூன்றும் அவற்றில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன.

எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதைப் பலமுறை எழுதியாயிற்று. நேராக விஷயத்துக்கு வருவோம்.

சட்டத்தின் கண்ணில் பராமரிப்பவர் யார்?

2017 ஏப்ரலில் ஒரே மாதத்தில் இரண்டு சட்டங்கள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றன. ஒன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், மற்றொன்று எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். மனநோய் உள்ளவருடன் தங்கி அவரைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றவரைப் ‘பராமரிப்பவர்’ என்று முதல் சட்டம் தனியாக வரையறுக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவரைப் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டாவது சட்டம் வேறு பெயர் வைத்திருக்கிறது: ‘பாதுகாக்கப்பட்ட நபர்’. எச்.ஐ.வி. உள்ளவர் மட்டுமல்ல, அவருடன் ஒரே வீட்டில் வாழ்பவரும் முன்பு வாழ்ந்தவரும் இதில் அடங்குவர்.

நல்ல வரையறைதான். வேலையிலிருந்து நீக்குவது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மறுப்பது ஆகியவற்றுக்கு எதிராகப் பாட்டிக்கும் தங்கைக்கும் அது கை கொடுக்கும். ஆனால், வெளியிலிருந்து வரும் அடியைத் தடுப்பதோடு அந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. பத்து வருடமாக இரவு எட்டு மணிக்கு இன்னொருவரின் மாத்திரையை நினைவில் வைத்திருப்பவருக்கு உள்ளே என்ன ஆகிறது என்று அது கேட்பதில்லை.

அட்டையில் அவர் பெயர் எதற்கு?

இந்தக் கட்டுரையில் அதிக இடம் பெற வேண்டிய கேள்வி இதுதான்.

கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை அட்டை எழுதப்படும். அது மையத்திலேயே இருக்கும்; நோயாளி கையோடு கொண்டுபோவது பச்சைப் புத்தகம். வெள்ளை அட்டையில் பராமரிப்பவரின் பெயர், தொடர்பு விவரங்களுக்கு இடம் உண்டு. சிகிச்சை தொடங்கும்போதே, நம்பிக்கையான ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வரும்படி ஆலோசகர் சொல்வார். நோயாளி குறித்த தேதியில் மாத்திரை வாங்க வராவிட்டால் மையம் அவரைத் தேடும். அவர் கிடைக்காதபோது அட்டையில் இருக்கும் அந்த இன்னொரு பெயர் உதவிக்கு வரும்.

இதன் பின்னால் கூர்மையான கணக்கு இருக்கிறது. மாத்திரைகளில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும் என்பது சிகிச்சையின் விதி. நாளுக்கு ஒரு மாத்திரை என்றால், மாதத்தில் ஒரு நாள் தவறினால் 96.7 சதவீதம், தப்பித்தோம். இரண்டு நாள் தவறினால் 93.3, விதி மீறப்பட்டது. தவறுவது தொடர்ந்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு வேறு மருந்து தேட வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் என்ற இந்த நூலிழை வித்தியாசத்தை எந்த மருத்துவமனையும் தினமும் வீடு தேடி வந்து காக்க முடியாது. வீட்டில் ஒருவரால்தான் முடியும். சம்பளம் கிடையாது, பயிற்சி கிடையாது, விடுப்பும் கிடையாது. அரசுக்குச் செலவில்லாமல் சிகிச்சையைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு அந்த ஒரு பெயர்.

அதன் பலன் அரசின் புள்ளிவிவரத்தில் வேறு வடிவில் வருகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் 25.44 லட்சம் பேர் என்பது 2023-க்கான மதிப்பீடு. அவர்களில் 81 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரியும். தெரிந்தவர்களில் 88 சதவீதம் பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள். சிகிச்சையில் இருப்பவர்களில் 97 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது. மேடைகளில் கடைசி எண்தான் ஒலிக்கும். மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் நூறு பேரில் ஏறக்குறைய 69 பேருக்கே வைரஸ் அடங்கியிருக்கிறது. அந்த 97-ஐச் சாதனை என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் அது யாருடைய உழைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தவறவிடாத வீடுகள் இல்லாமல் அந்த எண் இல்லை.

கவலைக்குரிய இடம் இதற்கு அடுத்தது. பராமரிப்பவரின் பெயர் அட்டைக்குள் வந்த பிறகு, அவரைப் பற்றி எதுவும் அதில் சேர்வதில்லை. நோயாளியின் எடை, மாத்திரை எண்ணிக்கை, ரத்தப் பரிசோதனை எல்லாம் தொடர்ந்து எழுதப்படும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இளைத்துப்போனதைப் பதிய இடமில்லை.

ரகசியம் காப்பவர் எங்கே பேசுவது?

எச்.ஐ.வி. சட்டத்தின் 8-ஆம் பிரிவு, ஒருவர் நம்பிக்கையின் பேரில் சொன்ன எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. விலக்குகள் உண்டு. ஒரு மருத்துவப் பணியாளர், அதே நோயாளியைக் கவனிக்கும் இன்னொரு மருத்துவப் பணியாளருக்குச் சொல்லலாம் என்பது அவற்றில் ஒன்று. பராமரிப்பவர் தன்னுடைய மனச்சோர்வுக்குத் தனக்கொரு மருத்துவரைத் தேடிப் போகும்போது அந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது. நோயாளியின் மானத்தைக் காக்கும் இந்தப் பிரிவு அவசியமானது, அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால் பராமரிப்பவர் பேசுவதற்கு ஓர் இடத்தையும் சேர்த்துத் தர வேண்டியது அரசின் கடமை.

குடிகாட்டை எடுத்துக்கொள்வோம். கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் ஆலைகளை ஒட்டிய ஊர். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், ஓ.டி. எனப்படும் கடலூர் முதுநகரில் மீன் எடுத்து விற்கிறவர்கள் என்று எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடம். இப்படிப்பட்ட ஊரில் ஜி.எச்.சுக்குப் போகும் பேருந்தில் தெரிந்தவர் கேட்டால் “சுகர் மாத்திரை வாங்கப் போறேன்” என்று சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குத் தருவது “சத்து மாத்திரை”. இந்தப் பொய்களை யாரும் விரும்பிச் சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் நாளைக்கும் மறக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் பாரம்.

அந்தப் பாரம் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே வெளியே வரும். “தலை பாரமா இருக்கு”, “நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது”, “தூக்கமே வரமாட்டேங்குது”. சிப்காட்டைச் சுற்றிய ஊர்களில் ஆலைக் காற்றின் வாடை பற்றிய புகார் பல பத்தாண்டுகளாக இருக்கிறது; தலைவலி என்றதும் கம்பெனிப் புகை என்று முடிவுகட்டிவிடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், அதையும் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் தயாராக ஒரு காரணம் இருப்பதாலேயே இரண்டாவது காரணத்தை யாரும் தேடாமல் போகிறார்கள்.

அப்படியானால் எங்கே பேசுவது? ரகசியம் ஏற்கெனவே தெரிந்த ஓர் அறை இருக்கிறது. அது ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசனை அறை. அங்கே பராமரிப்பவர் எதையும் மறைக்க வேண்டியதில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவும் வேண்டியதில்லை. அவருடைய மனநலக் கவனிப்பு அங்கேதான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடங்குவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பி.எச்.க்யூ-2 என்ற உலகெங்கும் பயன்படும் முதல்கட்டச் சோதனையில் இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து எத்தனை நாள் இருந்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். இரண்டில் எதுவும் காரணம் கேட்பதில்லை. ஆகவே, ரகசியத்தைத் தொடாமல் வீட்டு வாசலிலும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வரும் தன்னார்வலரும் கேட்கலாம்.

கேட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு ஜிம்பாப்வேயில் ஒரு விடை இருக்கிறது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரேயில் தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலைய வளாகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வருபவரின் பிரச்சினைகளைக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தீர்க்க வழி பார்க்கிறார்கள். ஆறு அமர்வுகள். 573 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. அவர்களில் ஐந்தில் இருவர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆறு மாதத்துக்குப் பின் பெஞ்சுக்கு வந்தவர்களில் 13.7 சதவீதம் பேரிடம் மட்டுமே மனச்சோர்வு இருந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களிடம் அது 49.9 சதவீதம். எச்.ஐ.வி.யால் நம்மைவிடப் பல மடங்கு அடிபட்ட, நம்மைவிட ஏழை நாடு செய்த காரியம் இது.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

*மார்ச் 31-க்குப் பிறகு மாத்திரை நின்றுவிடுமா?* 2004 ஏப்ரல் முதல் இலவசமாகத் தரப்படுகிறது; திட்டக் கட்டம் முடிந்தாலும் சட்டம் முடிவதில்லை. ஆனால் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ‘இயன்றவரை’ என்ற சொல் இருப்பதால் விழிப்போடு இருங்கள்.

*பெற்றோர் இயலாத நிலையில் மூத்த பிள்ளை பாதுகாவலராக முடியுமா?* 32-ஆம் பிரிவின்படி 12 வயது நிரம்பி முதிர்ச்சியுள்ள பிள்ளை, தம்பி தங்கையின் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்குக்குப் பாதுகாவலராகலாம். முதலில் மனநலக் கவனிப்பு தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்குத்தான்.

*பிள்ளைக்கு அதன் நிலையை எப்போது சொல்வது?* பள்ளி செல்லும் வயதில், புரியும் அளவுக்குப் படிப்படியாகச் சொல்லலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்; ஆலோசகர் துணையோடு சொல்லுங்கள்.

*பேரனை வளர்க்கும் பாட்டிக்கு உதவி உண்டா?* பிள்ளையின் பெயரில் உண்டு: எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென 2009-இல் தொடங்கிய தமிழக அரசின் அறக்கட்டளை, 2025 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டம்.

*மனநல மருத்துவரை எங்கே பார்ப்பது?* கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும்.

*தொலைபேசியில் பேசலாமா?* மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, எச்.ஐ.வி. குறித்த ஐயங்களுக்கு 1097, இரண்டும் இலவசம்.

*அடுத்த கட்டத்தில் நாம் கேட்க வேண்டியது என்ன?* வெள்ளை அட்டையில் பராமரிப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் அந்த இரண்டு கேள்விகளுக்கு இடம், அவற்றைக் கேட்க ஆலோசகருக்கு நேரம், தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கு அவர் பெயரிலேயே ஓர் ஓ.பி. சீட்டு.