உம்மம்மாவின் பீங்கான் செட் எந்த ஊர்?

வாகரையில் யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் தப்பிய ஜப்பான் தேநீர் செட் உங்கள் அலுமாரியில் இருக்கிறதா? விற்பதற்கு முன் ஒரு கோப்பையைக் கவிழ்த்து முத்திரையைப் பாருங்கள். ‘நிப்பொன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. ‘ஒக்கியுபைட் ஜப்பான்’ என்றால் உலகப் போருக்குப் பின், 1952 வரையான காலத்தது.

‘நொரிடாக்கே’ என்றிருந்தால் அவசரப்படாதீர்கள். 1904இல் ஜப்பானில் தொடங்கிய அந்தக் கம்பனி, 1970களில் நம் மாத்தளையிலும் தொழிற்சாலை அமைத்தது. கீழே ‘ஸ்ரீலங்கா’ என்றும் இருந்தால் அது இங்கே செய்த பீங்கான். நாட்டின் பெயர் மாறிய 1972க்கு முந்தியதல்ல. உம்மம்மாவின் கலியாணச் சாமான் என்ற கதை அதற்குப் பொருந்துகிறதா என்று பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்! முத்திரை தெளியட்டுமென்று சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். தங்கக் கரையும் போய்விடும்.